விரைவும் நிழற்படமும்

ஓடுகின்ற பொருளொன்றை அசைவின்றி நிறுத்திக் காட்டுவதே நிழற்படக் கலைஞனின் திறமைக்கு உரைகல் என்று கருதுவோர் நம்மிடையே பலர். மோட்டார் சைக்கிள் பந்தயங்களைக் குறித்து வெளிவரும் படங்களைச் சிறிது கூர்ந்து நோக்குவார்க்கு இக்கருத்து எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பது எளிதிற் புலனாகும். சக்கரத்தின் ஆரக்கால்களை எண்ணிவிடலாம். டயரின்மேற் பொறித்த எழுத்தைப் படித்துவிடலாம். தரையிற் கிடக்கும் சிறு கற்களும் தனித்தனியே தெரியும். ஆயினும் அவ்வண்டி மணிக்கு 200 கிலோமீட்டர் விரைவில் ஓடியதோ, அன்றி விற்பனைக்கூடத்தின் வாயிலில் விலைச்சீட்டுடன் நின்றதோ என்பதைப் படம் நமக்குச் சொல்லாது. அதனை ஓட்டியவன் காற்றோடு போராடிய போராட்டமும் சொல்லாது. இத்தகைய படத்தைத் திறமையின் பயன் எனக் கொள்ள என் மனம் ஒருப்படவில்லை. அசைவு கலங்கித் தோன்றுதல் படத்தின் குற்றமன்று; தக்க இடத்தில் அதுவே படத்தின் உயிர் என்பது என் துணிபு. அதனை ஈண்டு நிறுவ முயல்வேன்.

இவ்வழக்குப் புதியதன்று. 1878-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பார் பன்னிரண்டு காமிராக்களை வரிசையாக நிறுத்தி, குதிரை ஓடும் வழியிற் குறுக்கே நூல்களைக் கட்டி, அந்நூல் அறுபடுந்தோறும் ஒவ்வொரு காமிராவும் தானே படம் பிடிக்குமாறு செய்தார். குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரே காலத்தில் நிலத்தை விட்டு நீங்குவதுண்டு என்பது அதனாற் புலனாயிற்று. அவ்வாறு நீங்குங்கால் கால்கள் முன்னும் பின்னும் நீண்டிராமல் வயிற்றின் கீழ் மடங்கியிருத்தலும் தெரிந்தது. அதுகாறும் ஓவியர்கள் ஓடுங்குதிரையை நான்கு கால்களையும் நீட்டிப் பறப்பதாகவே வரைந்து வந்தனர். அவர்கள் தவறினர், காமிராவே உண்மை கூறிற்று என்று பலரும் முடிவு செய்தனர்.

பிரெஞ்சுச் சிற்பி ரோடின் மட்டும் அதற்கு இசைந்திலர். உலகிற் காலம் நின்றுவிடுவதில்லை. காமிராவோ காலத்தை நிறுத்திக் காட்டுகின்றது. ஆதலின் ஓவியனே மெய்யன், நிழற்படமே பொய்யுரைப்பது என்பது அவர் 1911-இல் வெளிவந்த உரையாடல் நூலில் வற்புறுத்திய கருத்து. இது சற்று மிகைப்பட்ட கூற்றே. குளம்பு எங்கே இருந்தது என்னும் வினாவுக்கு மைபிரிட்ஜின் படமே விடை. ஓவியனைக் கேட்டுப் பயனில்லை. ஆனால், குதிரை எவ்வாறு ஓடிற்று என்னும் வினா வேறு. இவ்விரண்டு வினாக்களையும் ஒன்றாகக் கருதிக் குழம்புவதே நம் பந்தயப் படக்காரர்கள் பலரின் நிலை என்பேன்.

தமிழ் பயில்வார்க்கு இவ்வேறுபாட்டை உணர்த்த நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மிதிலையில் இராமன் வில்லொடித்த செய்தியைக் கம்பர் கூறும் முறையை நினைக்க. நாணேற்றியதையும் வளைத்ததையும் படிப்படியாக விரித்துரைக்க அவருக்குச் சொல் இல்லாமற் போகவில்லை. அவையோர் கண்ணிமையாது நோக்கியிருந்தும், வில் கையில் ஏறியதற்கும் முறிந்த ஒலி செவியில் வீழ்ந்ததற்கும் இடையே நடந்தது எதனையும் அவர் காணவில்லை என்று விட்டுவிடுகின்றார். காணாமற் போன அவ்விடைவெளிதான் விரைவு. கண்ணுக்கு எட்டாததை எட்டாததாகவே காட்டியமையால் புலவர் விரைவை நம் நெஞ்சில் நிறுத்திவிட்டார். கலங்கிய பின்புலத்தைக் குற்றமென்று தள்ளும் நண்பர்கள் இதனைச் சற்றே சிந்திப்பாராக.

இலக்கண வழியாலும் இதனைச் சொல்லலாம். வினைச்சொல் காலத்தோடு தோன்றும்; பெயர்ச்சொல் அவ்வாறன்று என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு நாம் கற்று வருவது. ஆரக்கால் அசையாது நிற்கும் படம் மோட்டார் சைக்கிளைப் பெயராக்கிவிடுகின்றது. யான் விழைவது வினையாகிய படம். (இவ்வுவமையை என் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டு, அப்படியாயின் குவியம் தப்பிய படம் இடைச்சொல்லோ என்று வினவினார். அவருக்கு விடை கூற யான் கடமைப்பட்டிலேன்.)

இனி, செய்முறையை நோக்குவோம். மணிக்கு 200 கிலோமீட்டர் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 55 மீட்டரைக் கடக்கின்றது. காமிராவை அசையாமற் பிடித்து, அதன் ஷட்டரை 1/1000 விநாடி திறந்தால், அச்சிறு பொழுதிலும் வண்டி ஐந்தரைச் சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/125 விநாடி திறந்தாலோ 44 சென்டிமீட்டர் நகரும். இது படத்தில் வண்டி முழுவதும் ஒரு தீற்றலாக மாறுவதற்குப் போதுமானது. இதைக் கண்டு அஞ்சியே பலர் 1/2000, 1/4000 என்று ஷட்டரைக் குறுக்கிக்கொண்டே போகின்றனர். அச்சத்திற்கு வேறொரு மருந்துண்டு. வண்டியோடு காமிராவும் திரும்புதலே அது. வண்டி வலமிருந்து இடமாகச் செல்லின் காமிராவும் அதே கதியில் வலமிருந்து இடமாகத் திரும்ப வேண்டும். அப்பொழுது காமிராவைப் பொறுத்தமட்டில் வண்டி நிற்கின்றது; ஓடுவது உலகம். மரங்களும் தடுப்புச் சுவரும் விளம்பரப் பலகைகளும் நீண்ட கோடுகளாக இழுபட, அக்கோடுகளின் நடுவே ஓட்டுநனின் தலைக்கவசம் தெளிந்து நிற்கும். கண் உண்மையிற் காண்பதும் இதுவேயன்றோ? பந்தயத்தைப் பார்ப்பவன் வண்டியைத்தான் பின்தொடர்ந்து நோக்குகின்றான். எதிர்ப்புறத்து வேலியை அன்று.

இதனைச் செய்தற்கு உடம்பைப் பழக்க வேண்டும். படம் எவ்விடத்தில் அமைய வேண்டுமோ அவ்விடத்தை நோக்கிக் கால்களை ஊன்றிக்கொள்க. முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். பின்பு வண்டி வரும் திசைக்கு இடுப்பை மட்டும் முறுக்கித் திரும்பி, தொலைவிலேயே அதனைக் கண்ணாடியிற் பிடித்து, முறுக்கு அவிழ்வதுபோல அதனோடு திரும்பி வருக. குறித்த இடம் வந்தவுடன் விசையை மெல்ல அழுத்துக. அழுத்திய பின்னும் திரும்புதலை நிறுத்தற்க. தொடக்கநிலையினர் பலர் தவறுவது இக்கடைசிப் படியிலேதான். விசை அழுந்தியது என்ற நினைவு வந்தவுடன் கை தானே நின்றுவிடுகின்றது. அந்நிறுத்தம் ஷட்டர் மூடுவதற்குள் நிகழ்ந்துவிடின் படம் பாழ். பந்தை அடித்த பின்பும் மட்டை தன் வழியே சென்று முடிவதைக் கிரிக்கெட் ஆடுவோர் அறிவர், இஃதும் அத்தகையதே. முதலில் 1/250 விநாடியிற் பழகி, கை தேறத்தேற 1/125, 1/60 என இறங்கலாம். இறங்குந்தோறும் பழுதாகும் படங்கள் மிகும்; தப்பிப் பிழைப்பவற்றின் அழகும் மிகும். சில லென்ஸுகளில் கைநடுக்கத்தைத் தணிக்கும் கருவி உண்டு. அதில் மேல்கீழ் நடுக்கத்தை மட்டும் தணித்துப் பக்கவாட்டு அசைவை விட்டுவிடும் நிலை இருப்பின் அதனையே கொள்க. இல்லையேல் நாம் வேண்டித் திருப்பும் திருப்பத்தையே நடுக்கமெனக் கருதி அது நம்மோடு மல்லுக்கு நிற்கும்.

சக்கரத்தைப் பற்றி ஒரு செய்தி கூறாமல் விடுவதற்கில்லை. எனக்கு இதில் தனி விருப்பமுண்டு. உருளும் சக்கரம் நிலத்தைத் தொடும் புள்ளி, தொடும் அக்கணத்தில், அசைவதில்லை. அதன் உச்சியோ வண்டியைப் போல் இருமடங்கு விரைவில் முன்செல்கின்றது. ஆதலால், காமிராவை அசைக்காமல் எடுத்த படத்தில் சக்கரத்தின் அடிப்பகுதி தெளிவாகவும் மேற்பகுதி கலங்கியும் இருக்கும். காமிராவை வண்டியோடு திருப்பி எடுத்தாலோ, அச்சு நிலைபெற்று நிற்க, விளிம்பு முழுவதும் ஒரே சீராகச் சுழன்று வட்டமாகக் கலங்கும். இவ்வடையாளங்களைக் கொண்டே, ஒரு படத்தைக் கண்டவுடன் எடுத்தவன் கை எவ்வாறு இயங்கிற்று என்பதைச் சொல்லிவிடலாம். ஆரக்கால்கள் மேலும் கீழும் ஒருங்கே தெளிந்து நின்றால், ஒன்று ஷட்டர் மிகக் குறுகியது. அன்றி வண்டி ஓடவேயில்லை.

பிரெஞ்சு நாட்டு ழாக் ஹென்றி லார்த்திக் எடுத்த ஒரு படம் இத்துறையில் உலகப் புகழ் பெற்றது. அது மோட்டார்க் கார்ப் பந்தயத்தைச் சேர்ந்ததாயினும் நம் பொருளுக்கு மிக அணியது. அதனை எடுத்தபொழுது அவர் ஏறக்குறைய நம் வயதினர். 1912-ஆம் ஆண்டென்றும் 1913 என்றும் இருவகையாகக் கூறுவர். காரின் பாதி படத்திற்கு வெளியே போய்விட்டது. சக்கரம் வட்டமாக இராமல் முட்டை வடிவாய் முன்னோக்கிச் சாய்ந்துள்ளது. பார்வையாளரும் கம்பங்களும் பின்னோக்கிச் சாய்ந்து, புயலில் அகப்பட்டார்போற் காணப்படுகின்றனர். காரணம் இதுதான்: அவர் காமிராவின் ஷட்டர், ஒரு சிறு பிளவாகத் தகட்டின்மீது மேலிருந்து கீழாக ஊர்வது. தலைகீழாக விழும் உருவில் காரின் அடிப்பகுதி முன்னும் மேற்பகுதி பின்னுமாகப் பதிந்தன. அதற்குள் கார் முன்னேறிவிட்டது. அவரும் காமிராவைத் திருப்பினார். ஆனால் காரின் விரைவுக்கு அத்திருப்பம் ஈடாகவில்லை. ஆகவே காரும் மக்களும் எதிரெதிர்த் திசைகளிற் சாய்ந்தனர். அளவுகோல் கொண்டு நோக்கினால் அப்படத்திற் சரியானது எதுவுமில்லை. 1963-இல் நியூயார்க்கு நவீனக் கலைக் கூடத்தில் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்ட பின்னரே உலகம் அவரைப் பரவலாக அறிந்தது. இன்று விரைவு என்றவுடன் நினைவுக்கு வரும் படங்களுள் அஃது ஒன்று. நம் கைப்பேசிக் காமிராக்களும் படத்தை வரிவரியாகவே பதிவு செய்கின்றன. அதனால் அவற்றில் எடுத்த வண்டியும் சிலபொழுது சாய்ந்து தோன்றும். அதனைக் கண்டு கைப்பேசியைப் பழிப்பவர் லார்த்திக்கின் படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருப்பதும் உண்டு!

இவ்வளவு கூறியமையால் தெளிந்த படமே கூடாது என்பது என் கருத்தெனக் கொள்ளற்க. ஐரிஷ் கடலிலுள்ள மான் தீவில் 1907-ஆம் ஆண்டு தொடங்கிய பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். 1911 முதல் அது மலைச் சுற்று எனப்படும் பொதுச் சாலைகளில் நடைபெற்று வருகின்றது. ஒரு சுற்று 37.73 மைல். முதல் ஆண்டில், வேறொரு சிறு சுற்றில், சார்லி காலியர் என்பார் மணிக்கு 38.21 மைல் என்னும் சராசரி விரைவில் வென்றார். 2023-இல் பீட்டர் ஹிக்மன் மலைச் சுற்றை மணிக்கு 136.358 மைல் விரைவில் முடித்தார். அச்சாலையில் பல்லாப் பாலம் என்று ஓரிடம் உண்டு. பாலம் கூன் முதுகு போல் உயர்ந்திருத்தலால், அதன்மேல் வரும் வண்டியின் இரண்டு சக்கரங்களும் நிலத்தை விட்டு எழும்பும். அவ்விடத்தில் விரைவு அன்று, உயரமே செய்தி. சக்கரத்திற்கும் அதன் நிழலுக்கும் இடையே எவ்வளவு வெளி என்பதை நாம் காண வேண்டும். ஆகவே ஆங்கு 1/1000 விநாடியோ அதனினும் குறைந்ததோ தக்கது. மைபிரிட்ஜின் வினாவை நாம் கேட்குமிடத்தில் மைபிரிட்ஜின் முறையையே கையாள வேண்டும். முழங்கால் தரையை உரசும் வளைவும் அத்தகையதே எனச் சிலர் கூறுவர். அதில் யான் முழுதும் உடன்படேன். வளைவில் 60 பாகைக்கு மேலும் சாயும் இக்காலத்து வண்டியைச் சிறிது கலங்கிய பின்புலத்தோடு காட்டினால்தான், ஏன் அவன் விழாமல் இருக்கின்றான் என்பது விளங்கும். விரைவின்றி அச்சாய்வு நிற்காதன்றோ?

பத்திரிகைத் தேவை வேறு என்பாரும் உளர். வண்டியின் எண் தெரிய வேண்டும். பொருளுதவி செய்த நிறுவனத்தின் பெயர் தெரிய வேண்டும். ஆகவே தெளிந்த படமே வேண்டும் என்பர். இதுவும் முற்றும் பொருந்தாது. நன்கு திருப்பி எடுத்த படத்தில் எண்ணும் பெயரும் தெளிவாகவே இருக்கும், கலங்குவது பின்புலமே. உண்மைக் காரணம், அவ்வாறு எடுப்பதற்கு உழைப்பு மிகுதி, பழுது மிகுதி என்பதே. அதனை ஒப்புக்கொள்வதில் இழிவொன்றுமில்லை. ஆனால் தம் வசதியைக் கலையின் விதியாக உயர்த்திக் கூறுதல் தகாது.

நேர் எதிரே வரும் வண்டியை எடுத்தல் பிறிதொரு கலை. பக்கவாட்டிற் செல்லும் வண்டி கண்முன் விரைந்து இடம்பெயரும். நம்மை நோக்கி வரும் வண்டியோ அவ்வளவாக இடம்பெயராமல் பெரிதாகிக்கொண்டே வரும். அதனாற் கலக்கம் குறைவு. ஆனால் தொலைவு நொடிதோறும் மாறுவதால் குவியம் தப்பும். இக்காலத்துக் காமிராக்கள் ஓட்டுநனின் தலைக்கவசத்தைத் தாமே இனங்கண்டு குவியத்தை மாற்றிக்கொண்டே வரும் ஆற்றலுடையன. அவ்வாற்றல் இல்லாத பழைய காமிரா வைத்திருப்போர் பழைய முறையைக் கொள்ளலாம். வளைவுக்கு முன் தரையில் ஒரு கறையோ விரிசலோ தெரிந்தால் அதன்மேற் குவியத்தை நிறுத்திக் காத்திருந்து, முன்சக்கரம் அதனை அடைவதற்குச் சற்று முன்னரே விசையை அழுத்துக. அடைந்த பின் அழுத்தினால் காலம் கடந்துவிடும். ஏனெனில் நம் விரலும் காமிராவும் விழித்துக்கொள்வதற்குள் வண்டி பல அடி போயிருக்கும்.

ஒரு விநாடிக்கு 20 படம் எடுக்கும் காமிரா என்னிடம் உண்டு, எனக்கு இவ்வருத்தம் எதற்கு என்று கேட்பாருக்கு ஒரு கணக்கு. 200 கிலோமீட்டர் விரைவில் ஓடும் வண்டி, அக்காமிரா எடுக்கும் ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே ஏறக்குறைய 2.8 மீட்டர் ஓடிவிடும். அஃது ஒரு மோட்டார் சைக்கிளின் நீளத்தினும் மிகுதி. நாம் வேண்டிய கணம் அவ்விடைவெளியில் நழுவிவிடுதல் எளிது. விசையை அழுத்தியபடியே இருப்பவன் ஆற்றில் வலையைப் போட்டுவிட்டுத் தூங்குபவனை ஒப்பான். சிலபொழுது மீன் அகப்படும் என்பதை மறுக்கவில்லை.

நம் நாட்டில் இக்கலை பயில்வோர்க்கு இடமில்லாமலில்லை. சென்னையை அடுத்த சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் முன்னாளிற் பந்தயங்கள் நிகழ்ந்தன. 1990-இல் திருப்பெரும்பூதூர்க்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இதற்கெனவே ஒரு களம் அமைந்தது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-இல் மற்றொன்று அமைந்தது. மான் தீவில் ஓட்டுநர்கள் பத்துப் பத்து விநாடி இடைவிட்டு ஒவ்வொருவராகப் புறப்படுவர்; ஒருவன் நம் முன்னே கடந்து சென்றால் மீண்டும் வர ஒரு கால் மணிக்கு மேலாகும். இருங்காட்டுக்கோட்டைக் களத்தின் சுற்று 3.7 கிலோமீட்டரே ஆதலால், போன வண்டி இரண்டு நிமிடத்திற்குள் திரும்பி வந்துவிடும். பழகுவோனுக்கு இதனினும் நல்ல பள்ளி வேறு யாது?

ஆனால் நம் வெயில் பொல்லாதது. நண்பகலில் 1/60 விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தால், லென்ஸின் துவாரத்தை மிகவும் குறுக்கினாலன்றி ஒளி மிகுந்து படம் வெளுத்துப்போகும். சாம்பல் நிறக் கண்ணாடியொன்றை லென்ஸின் முன் பொருத்தி ஒளியைக் குறைத்தல் ஒரு வழி. காலையும் மாலையும் எடுத்தல் அதனினும் நல்வழி. நண்பகலில் வேறொரு தொல்லையுமுண்டு. தார்ச்சாலையிலிருந்து எழும் வெப்பக் காற்று, நெடுந்தொலைவு நோக்கும் லென்ஸில் வண்டியை நீரிற் கண்ட உருப்போல நெளியச் செய்யும். எத்துணை விலையுயர்ந்த லென்ஸும் அதற்கு எதிர் நிற்பதில்லை. கானலுக்குப் பேய்த்தேர் என்று பெயரிட்ட நம் முன்னோர், ஓடுதளத்தின் கோடியில் நண்பகலில் மிதந்து வரும் மோட்டார் சைக்கிளைக் கண்டிருப்பின், தாம் இட்ட பெயரின் பொருத்தத்தை எண்ணி மகிழ்ந்திருப்பர்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய பகுதிக்கு வருகின்றேன். பந்தயப் படங்களுள் விரைந்து பரவுவது வென்றவனின் படமன்று, விழுந்தவனின் படம். வண்டி ஒருபுறமும் ஓட்டுநன் ஒருபுறமுமாக வானில் எறியப்பட்ட கணத்தை அசைவின்றி நிறுத்திக் காட்டும் படத்திற்கு உள்ள மதிப்பு, திறமையோடு எடுத்த வேறெந்தப் படத்திற்கும் இல்லை. அதனைப் பெறுதற்காகவே எந்த வளைவில் விழுவர் என்று வினவி அறிந்து அங்குச் சென்று காத்திருப்போரும் உளர். அவர்கள் கொடியவர்கள் அல்லர், நம்மைப் போன்றவர்களே. ஆயினும், ஒருவன் விழ வேண்டுமென்ற விருப்பம் தன் உள்ளத்தின் மூலையில் முளைக்காமல் ஒருவன் அங்கே நாள் முழுதும் நிற்றல் இயலுமா என்பது எனக்கு ஐயம்.

இது வீண் அச்சமன்று. மான் தீவின் மலைச் சுற்றில் 1911 முதல் உயிர் நீத்த ஓட்டுநர்கள் 250-க்கு மேற்பட்டோர். இருங்காட்டுக்கோட்டையில் 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நிகழ்ந்த தேசியப் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிரிழந்தான். எஞ்சியிருந்த பந்தயங்கள் நிறுத்தப்பட்டன. அவனுக்கும் தாய் தந்தையர் உளர். அத்தகைய கணத்தின் படம் எவர் கையிலேனும் இருப்பின், அதனை வெளியிடுதல் எத்துணைக் கொடிது என்று விளக்கவும் வேண்டுமோ?

விழும்பொழுது காமிராவைக் கீழே வைத்துவிடுக என்று சிலர் அறிவுரை கூறுவர். யான் அவ்வாறு கூறேன். வண்டியோடு திரும்பிக்கொண்டிருக்கும் கை, கண்ணும் மனமும் அறியுமுன்னரே விசையை அழுத்திவிடும். அதில் எவர்க்கும் பழியில்லை. எரிகோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு விலகிப்போன ஆசாரியனோடும் லேவியனோடும் படக்காரனை ஒப்பிட்டு ஏசுவதும் பொருந்தாது. பந்தயக் களத்தில் விழுந்தவனிடம் ஓடும் உரிமையும் பயிற்சியும் களக்காவலர்க்கே உண்டு. நாம் வேலியைத் தாண்டினால் இரண்டாவதாக விழுபவர் நாமாவோம், அவர்களுக்கும் இடையூறாவோம். கேள்வி பிறப்பது அதன் பின்னர். அப்படத்தை என் செய்வது? விபத்து நிகழ்ந்த காரணத்தை ஆராய்வோர்க்கு அது பயன்படும். வண்டி எவ்விடத்திற் பிடியிழந்தது, தலைக்கவசம் எப்பொழுது கழன்றது என்பவற்றை மனிதக் கண் கூறாது, தெளிந்த படம் கூறும். இங்கேயும் மைபிரிட்ஜின் வினாவே எழுகின்றது. ஆகவே அதனை அழிக்காமல் பந்தயத்தை நடத்தும் அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும். விழுந்தவனோ அவன் குடும்பத்தாரோ இசைந்தாலன்றி வேறெவர்க்கும் காட்டலாகாது. நம் கல்லூரி நிழற்படக் கழகம் போன்ற சங்கங்கள் தம் போட்டிகளில் விழும் படங்களை ஏற்பதில்லை என்று ஒரு விதி செய்தல் நலம். பரிசு கிடையாது எனின், காத்திருப்போரிற் பாதிப்பேர் வேறு வளைவுக்குச் சென்றுவிடுவர்.

நிற்குமிடத்தைப் பற்றியும் ஒரு சொல். வளைவிற் பிடி தவறிய வண்டி உட்புறமாகச் செல்வதில்லை. தான் போய்க்கொண்டிருந்த நேர்வழியே வளைவின் புறத்தே சறுக்கிச் செல்லும். ஆதலின் வளைவின் வெளிப்புறத்திற் படம் நன்றாக அமையும் என்று அங்கு வேலியோரம் நெருங்குவோர் வண்டி வரும் வழியிலேயே நிற்கின்றனர். தடுப்புச் சுவருக்குப் பின், குறித்த எல்லைக்குள் நிற்க. ஓடுதளத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு காமிராவின் திரையைப் பார்த்து மகிழாதிருக்க. களக்காவலர் மஞ்சட்கொடி அசைத்தால் அருகே ஏதோ தீங்கு நேர்ந்துள்ளது என்று உணர்க.

எதிர்வரும் ஓட்டுநனின் முகத்தில் மின்னொளி வீசிப் படமெடுத்தலும் ஒழியத்தக்கது. அகநானூற்றின் நான்காம் பாட்டில், குறுங்குடி மருதனார், தலைவியைக் காணும் வேட்கையோடு விரைந்து வரும் தலைவன் தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருவதாகப் பாடியுள்ளார். பூவில் தேனுண்ணும் வண்டுகள் அவ்வொலியால் அஞ்சிக் கலங்கலாகாது என்பது அவன் கருத்து. அத்துணை விரைவிலும் வண்டினை நினைத்தவன் அவன். ஓடாது ஒரே இடத்தில் நிற்கும் நாம், 200 கிலோமீட்டர் விரைவில் வரும் மனிதனை நினைத்தல் அரிதோ?

பந்தயக் களத்திற்குச் செல்ல வாய்ப்பும் பொருளும் இல்லாத நண்பர்கள் இதனைப் படித்துவிட்டு வாளாவிருக்க வேண்டா. மிதிவண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் விரைவில் ஓடுவதாகக் கொள்வோம். 1/30 விநாடியில் அது கடக்கும் தொலைவும், 200 கிலோமீட்டர் விரைவில் ஓடும் மோட்டார் சைக்கிள் 1/300 விநாடியிற் கடக்கும் தொலைவும் ஒன்றே. ஏறக்குறைய பதினெட்டரைச் சென்டிமீட்டர். ஆகவே மாலையில் வகுப்புக்கள் முடிந்து மாணவர் மிதிவண்டிகளில் வீடு திரும்பும் வேளையில், கல்லூரி வாயிலுக்கு எதிர்ப்புறத்து நடைபாதையில், காமிராவையோ கைப்பேசியையோ 1/30 விநாடிக்கு அமைத்துக்கொண்டு நின்றாற் போதும். அங்குள்ள மரவரிசை நல்ல பின்புலம். முதல் வாரத்தில் நூற்றுக்கு இரண்டு படம் தேறினால் அது நல்ல தொடக்கமே. எடுக்குமுன் அவர்களிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்க. கேட்டவுடன் அவர்கள் முன்னினும் விரைந்து மிதிப்பார்கள்.